பிச்சியும் மல்லியும் பூக்க மறுத்தால்: குமரி வீட்டுத் தோட்டத்துக்கு அறிகுறி பார்த்து ஒரு வழிமுறை

தோவாளைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஓணம் நெருங்கிவிட்டால் பிச்சிப்பூவின் விலையைக் கேட்டுவிட்டு நாமும் பேசாமல் திரும்பி வருகிறோம். முற்றத்தில் ஒரு பிச்சியும் ரெண்டு மூடு மல்லியும் ஒழுங்காகப் பூத்தால் சாமிக்கும் தலைக்கும் வேண்டிய பூ வீட்டிலேயே கிடைக்கும். பெரும்பாலான வீடுகளில் செடி நிற்கத்தான் செய்கிறது. பூதான் இல்லை, அல்லது மொட்டு வந்து கருகுகிறது, அல்லது இலை மஞ்சளிக்கிறது.

செடிக்குச் சீக்கு என்றதும் கடைக்குப் போய் ஒரு பாட்டில் மருந்து வாங்கி அடிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. வீட்டுத் தோட்டத்து மல்லிக்கும் பிச்சிக்கும் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி வெயில், தண்ணீர், கவாத்து (கம்பை வெட்டிவிடுவது) இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் வந்து நிற்கும். அந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவும் தலையில் சூடுகிற பூ, குழந்தை முகர்ந்து பார்க்கிற பூ.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்லி வளர்ப்பு பற்றி நாம் கேட்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலத்துக்குச் சொன்னவை. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மாவட்டத்துக்குள்ளேயே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் காற்றும் வெயிலுமாக இருக்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடான செம்மண்ணும் ஈரமும். அதனால் கீழே சொல்லும் காலக்கணக்கை உங்கள் ஊர் மழையைப் பார்த்து முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். நான்கு காரணங்களை வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் வெயில். காலை எட்டு மணிக்கு, உச்சிப்பொழுதில், மாலை நான்கு மணிக்கு என மூன்று தடவை செடியருகே போய் நில்லுங்கள். நேர் வெயில் ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது படவில்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். நம்மூரில் தென்னை இல்லாத விளை அபூர்வம். பத்து வருஷத்துக்கு முன் வெயிலாக இருந்த இடம், நட்ட தென்னம்பிள்ளை வளர்ந்து இன்று நிழலாகியிருக்கும். தென்னை ஓலை வழியாகச் சிதறி விழும் வெளிச்சம் மல்லிக்குப் போதாது. இலை பெரிதாகவும் மெல்லியதாகவும், கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீண்டும் இருந்தால் நிழல்தான் காரணம். செடியை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் பதியன் போட்டு (கம்பை மண்ணுக்குள் வளைத்து வேர்விடச் செய்து) புதுச்செடியை வெயிலில் வையுங்கள்.

இரண்டாவது, இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. வளர்ந்த மல்லி மூடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரத்தோடு தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு தவணை, ஆனி ஆடியில் ஒரு தவணை. தழைச்சத்து மற்ற இரண்டிலும் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் நடப்பது தலைகீழ்: வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், சாணித் தண்ணீர், போதாததற்கு மீன் கழுவின தண்ணீரும் அந்த மூட்டுக்கே போகும். மீன் கழுவின தண்ணீரில் உப்பும் சேர்ந்து வரும். ஒரு மூன்று மாதம் இவற்றை நிறுத்திவிட்டு, எலும்புத்தூளும் விறகடுப்புச் சாம்பலும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். விளவங்கோடு பக்கத்துப் புளிப்பு மண்ணுக்குச் சாம்பல் கூடுதல் நன்மை. கடலோர மணலில் அளவோடு போடுங்கள்.

மூன்றாவது, கவாத்து செய்யாதது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மல்லியும் பிச்சியும் புதிதாக வெடித்து வரும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கம்பு எவ்வளவு தடித்திருந்தாலும் அதில் பூ வராது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை வெட்டாத செடி, வருஷா வருஷம் கட்டையாகிக்கொண்டே போய், உச்சியில் எங்கோ நாலு பூ வைக்கும். "வெட்ட மனசு வரல்லியே மக்ளே" என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். மனசைத் தேற்றிக்கொண்டு வெட்டத்தான் வேண்டும்.

மல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம் என்று சொல்வார்கள். நமக்குக் கார்த்திகையில் மழை விட்டிருக்காது. மழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியே பூஞ்சை இறங்கும், கம்பு மேலிருந்து கீழாகக் கருகிக்கொண்டே வரும். தோவாளை பக்கத்தில் மார்கழி நடுவிலும், மேற்கே தை பிறந்த பிறகும் வெட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வெட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள், செடி கொஞ்சம் வாடட்டும். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூரான கத்திரியால், கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள். காய்ந்த கம்பு, உள்பக்கம் பின்னிக் கிடக்கும் கம்பு, மூட்டிலிருந்து ஈர்க்குச்சியாக வந்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மீதி இருக்கும் இலைகளையும் உருவிவிடலாம். மூட்டைச் சுற்றி லேசாகக் கிளறி, ஒரு வாரம் வெயில் காயவிட்டு, தொழுவுரம் போட்டு, பிறகு தண்ணீர். மாசியில் தளிர் வெடிக்கும், பங்குனி சித்திரையில் மொட்டு நிற்கும். பிச்சிக்கும் இதே முறைதான். பந்தலில் ஏற்றியிருந்தால் அதை இடுப்பளவுக்கு விட்டு வெட்டினால் போதும்.

நான்காவது, தொட்டிச்செடி. மாடியில் சிறிய தொட்டியில் ரெண்டு மூன்று வருஷமாக நிற்கும் மல்லிக்கு வேர் ஓட இடம் இருக்காது. தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். மண்ணே தெரியாமல் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால், வெளிச்சுற்றில் இரண்டு விரல்கடை அளவு வேரைச் சீவி, பெரிய தொட்டியில் புது மண்கலவையில் வையுங்கள்.

அறிகுறி: இலை மஞ்சளிக்கிறது

மஞ்சள் என்று பொதுவாகச் சொன்னால் வைத்தியம் சொல்ல முடியாது. எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று பாருங்கள்.

கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. கடலோரத்து மணல் விளைகளிலும், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக உள்ள இடங்களிலும் இது சாதாரணம். புது வீடு கட்டிய இடத்தில் சிமெண்டுக் கழிவு மண்ணில் கலந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு தடவையாக, இலை பச்சை பிடிக்கும் வரைக்கும். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்து அடியுங்கள்.

அடி இலைகளில் நரம்புக்கு நடுவே மஞ்சள் ஓடினால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். மழை அதிகம் பெய்து சத்து அடித்துக்கொண்டு போகும் மேற்குப் பகுதிச் செம்மண்ணில் இது வரும். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், இலைவழித் தெளிப்பு.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி முழுக்க மஞ்சளித்துத் தொங்குகிறது என்றால் உடனே மூட்டைத் தோண்டிப் பாருங்கள். இதைத்தான் நம்மவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். நல்ல வேர் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேரை விரல்களுக்கு நடுவே பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே நார் மட்டும் மிஞ்சும். கெட்ட வாடையும் அடிக்கும். முதல் வேலை தண்ணீர் வடிய வழி செய்வது. சகதி நிற்கும் பள்ளமாக இருந்தால் பக்கத்தில் ஒரு சால் கீறி விடுங்கள். பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மூட்டைச் சுற்றி ஊற்றுங்கள். பாதிக்குமேல் வேர் போயிருந்தால் செடியைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து போடுவது வருமுன் காக்க நல்லது. ஆனால் தாமிர மருந்தோடு சேர்த்துப் போட்டால் அந்த நல்ல பூஞ்சையும் செத்துவிடும். நாலைந்து வாரம் இடைவெளி விடுங்கள்.

தோண்டும்போது வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை நின்ற இடத்தில் மல்லி வைத்தால் வர வாய்ப்பு அதிகம். வேப்பம் புண்ணாக்கு மூடு ஒன்றுக்குக் கால் கிலோ வரை கிளறிப் போடுங்கள், சுற்றிலும் துலுக்கச் செவந்தி நடுங்கள். அதன் வேர் நூற்புழுவை அடக்கும், பூவும் ஆகும்.

அறிகுறி: மொட்டு ஊதாவாகி, விரியாமல் உதிர்கிறது

பிச்சிக்காரர்கள் முதலில் பயப்படாமல் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புக் கோடு இருப்பது அதன் பிறவிக் குணம். மாலையில் மொட்டு நன்றாக விரிகிறதா, அவ்வளவுதான் கேள்வி. விரிந்தால் நோய் இல்லை.

மல்லியில் வெள்ளையாக இருக்க வேண்டிய மொட்டு ஊதாப் பூத்து, அடிப்பக்கம் உப்பி, கோணலாக நின்றால் அது மொட்டு ஈயின் வேலை. அப்படி ஒரு மொட்டைப் பறித்துக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் கீறுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் வெளிறிய பொடிப் புழுக்கள் நெளிவது தெரியும். ஈ மொட்டுக்குள் முட்டையிடும், புழு உள்ளே தின்று வளரும், பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, அங்கிருந்து மறுபடி ஈயாகக் கிளம்பும்.

அதனால் மேலே மருந்து அடிப்பதில் பாதிப் பயன்கூட இல்லை. புழு மொட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வெட்ட வேண்டிய இடம் மண். ஊதாவான மொட்டுகளைத் தினமும் காலையில் பறியுங்கள், உதிர்ந்ததையும் பொறுக்குங்கள். அப்படியே குப்பையில் கொட்டாமல் கொதிநீரில் போடுங்கள் அல்லது எரியுங்கள். மூட்டைச் சுற்றி வாரம் ஒருமுறை மேலாகக் கிளறி வெயில் காட்டுங்கள், வேப்பம் புண்ணாக்குத் தூவுங்கள். கதம்பையும் ஓலையும் போட்டு மூடாக்கு வைத்திருந்தால் இந்தத் தொல்லை தீரும் வரை அதை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கூட்டுப்புழுவுக்கு அது நல்ல போர்வை. மேகமூட்டமும் ஈரமும் உள்ள ஆனி ஆடியில் இது கூடும். ஒரு பருவம் விடாமல் செய்தால் அடுத்த பருவத்தில் நன்றாகக் குறைந்துவிடும்.

மொட்டில் ஓட்டை இருந்து, இரண்டு மூன்று மொட்டுகள் நூலால் பின்னிக் கிடந்தால் அது மொட்டுப்புழு. பச்சை உடம்பு, கறுத்த தலை. சில செடிகள்தான் என்றால் கையால் எடுப்பதே போதும். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, பூப்பறித்து முடிந்த பிறகு மாலையில் அடியுங்கள்.

அறிகுறி: இலையில் வெள்ளைப் படலம், நூலாம்படை, சுருக்கம்

இலையின் மேலும் தண்டிலும் வெள்ளை வெல்வெட்டுத் துணி ஒட்டினதுபோல் மயிர் மயிராகத் தெரிந்தால் பலர் சாம்பல் நோய் என்று நினைக்கிறார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோல் வந்தால் பூஞ்சை, வராமல் இலையோடு ஒட்டியே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன். முல்லையில் இது அதிகம். அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடியுங்கள். இலை அடியில் பொடிச் சிவப்புப் புள்ளிகள் ஓடி, மேலே இலை வெளிறினால் செஞ்சிலந்தி; கோடையில் தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்து வறட்சியில் வரும். அதற்கும் கந்தகம்தான். அதற்கு முன்பு ரெண்டு நாள் இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு ரெண்டு வாரம் கழியாமல் கந்தகம் அடிக்கக் கூடாது.

இலைகளை நூலால் பின்னி உள்ளே இருந்து தின்னும் பச்சைப்புழு மழைக்குப் பிறகு வரும். கையால் எடுத்து நசுக்குங்கள்.

அறிகுறி: பூ வரவேண்டிய இடத்தில் பச்சைக் கொத்து

மொட்டுக்குப் பதில் சின்னஞ்சிறு இலைகள் கொத்துக் கொத்தாக, பூவின் வடிவத்திலேயே பச்சையாக நிற்கும். முதலில் பார்க்க அழகாகக்கூட இருக்கும். இது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி தரும் நோய். சாறு உறிஞ்சும் பூச்சிகள் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கொண்டுபோகும். இதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், அதிலிருந்து கம்பு வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். நல்ல செடி என்று அன்பாகக் கொடுத்து வாங்கும் கம்பில்தான் இந்த நோய் ஊரெல்லாம் பரவுகிறது. மறுபடி நடுவதாக இருந்தால் முல்லையில் கோ 2 ரகம் இந்த நோயை ஓரளவு தாங்கும்.

அறிகுறி: இலையில் பழுப்புப் புள்ளி, மழையில் கொட்டுகிறது

தென்மேற்குப் பருவமழையில் குலசேகரம், அருமனை பக்கம் இது வராத வருஷம் இல்லை. இலைக்கருகல் பூஞ்சை. கீழே விழுந்த இலையைப் பெருக்கி எடுங்கள், செடிக்குள் காற்று போகும்படி உள்கிளைகளைக் கழியுங்கள், மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். கூடினால் மான்கோசெப் என்ற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 2 கிராம்.

அறிகுறி: நுனி கருகுகிறது, மொட்டு காய்ந்து நிற்கிறது, பூச்சி எதுவும் இல்லை

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலை சுழலும் அதே காற்றுதான் உங்கள் மல்லியின் கொழுந்தையும் காய வைக்கிறது. காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் பழுத்திருந்தால் ஐயமில்லை. மேற்குப் பக்கம் ஆடாதோடையோ நொச்சியோ நெருக்கி வேலி வையுங்கள். கெட்டிச் சுவர் வேண்டாம். காற்று சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் சுழன்று அடிக்கும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று வீசிய மறுநாள் காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

அறிகுறி: ஆன்லைனில் வாங்கிய லைலாக் பூக்கவே இல்லை

ஊதாக் கொத்தாகப் பூத்து நிற்கும் லைலாக் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். லைலாக்கும் மல்லியும் ஒரே தாவரக் குடும்பம்தான், ஆலிவும் பவழமல்லியும் அதே குடும்பம். ஆனால் லைலாக்கின் சொந்த ஊர் தென்கிழக்கு ஐரோப்பாவின் மலைகள். அதன் உறவுக்கார வகை ஒன்று மேற்கு இமயமலையில் தானாகவே வளர்கிறது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து, வாரக்கணக்காகக் கடுங்குளிரில் உறங்கினால்தான் மொட்டு கண் திறக்கும். நாகர்கோவிலில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குறைந்த குளிரே போதும் என்று கலிபோர்னியாவில் உருவாக்கிய ரகங்களுக்கும் அங்குள்ள குளிர்காலமாவது வேண்டும். பனிக்கட்டியை மூட்டில் கொட்டுவது, ஏசி அறையில் வைப்பது இதெல்லாம் செடியை வருத்துவதில் முடியும். உங்கள் கைவண்ணத்தில் குறையில்லை, மருந்தும் இல்லை.

லைலாக் வீடியோக்களால் மல்லிக்கு வரும் கேடு ஒன்று உண்டு, அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லைலாக் போன வருஷக் கம்பில்தான் பூக்கும். அதனால் பூத்து முடிந்த உடனே கவாத்து செய்யுங்கள், குளிர்காலத்தில் கத்தரியை எடுக்காதீர்கள் என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. அதைக் கேட்டு மார்கழி தையில் மல்லியை வெட்டாமல் விட்டால் அந்த வருஷப் பூ போச்சு.

ஊதாக் கொத்துதான் வேண்டும் என்றால், இடம் உள்ளவர்கள் பூமருது நடலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், கோடையில் மரம் முழுக்க ஊதாவாகும். சின்ன முற்றத்துக்கு அதன் இனத்திலேயே குறுஞ்செடியான கிரேப் மிர்ட்டில் நர்சரிகளில் கிடைக்கும். இதுவும் புதுத்தளிர் நுனியில் பூப்பதுதான், ஆகவே மல்லியோடு சேர்த்தே கவாத்து செய்துவிடலாம். நிழலில் வைத்தால் இலையில் சாம்பல் பூக்கும்.

அறிகுறி: வைத்த கம்பு வேர் பிடிக்காமல் காய்கிறது

மல்லிக் கம்பு மண்ணில் குத்தினால் எல்லாம் பிடிக்காது, பாதி போகும். பதியன்தான் நம் மழைக்கு ஏற்ற வழி. தென்மேற்கு மழை தொடங்கியதும், பென்சில் கனத்தில் தரையோடு வளையக்கூடிய ஒரு முற்றிய கம்பைப் பாருங்கள். கணுவுக்குக் கீழே ஓர் அங்குல நீளத்துக்குச் சாய்வாகப் பாதிக் கனம் கீறி, கீறல் மூடாமலிருக்கச் சிறு குச்சியைச் செருகி, நாலு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். மூன்று மாதத்தில் வேர் விட்டுவிடும். லேசாக இழுத்துப் பார்த்து, பிடிமானம் தெரிந்தால் தாய்ச்செடியின் பக்கம் வெட்டி விடுங்கள். உடனே பிடுங்க வேண்டாம், இன்னும் ரெண்டு வாரம் அதே இடத்தில் நின்று தானாகத் தண்ணீர் குடிக்கப் பழகட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிபடாத சீக்கு என்றால் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. மொட்டும் இலையும் உள்ள ஒரு முழுக்கிளை, ஒரு பிடி சல்லிவேர், அந்த மூட்டு மண் அரைக் கிலோ, இவற்றைத் தனித்தனியாகக் காகிதத்தில் பொதிந்து, பறித்த அன்றைக்கே காலையில் சேர்க்கப் பாருங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வெந்து அழுகிவிடும். கடைசியாக என்ன வளம் போட்டீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது வெட்டினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.